தட்டில் இரண்டு கண்கள்

அக்னஸ் பிறந்தது 1935 டிசம்பர் பதின்மூன்றாம் தேதி. அன்று அர்ச்சியசிஷ்ட லூசியம்மாள் திருநாள். பிறந்த அன்றைக்கு எந்தப் புனிதரின் திருநாளோ அந்தப் பெயரையே பிள்ளைக்கு வைப்பது வரகனேரிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் அப்போது வழக்கம். கோயிலில் இருந்த வெள்ளைக்காரச் சாமியாரும் 'லூசியா' என்று முடிவு செய்துவிட்டார்.

தாய் அற்புதம்மாள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. காரணத்தை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை என்றாலும் தெருவுக்கே தெரியும். கோயிலில் பெண்கள் உட்காரும் பக்கத்தில், கிழக்குச் சுவரில், லூசியம்மாளின் கலர்க் கண்ணாடிச் சன்னல் இருந்தது. கடல் தாண்டி வந்த கண்ணாடி, இரண்டு ஆள் உயரம். பச்சை அங்கி, சிவப்புப் போர்வை. ஒரு கையில் குருத்தோலை, இன்னொரு கையில் தட்டு. அந்தத் தட்டில் இரண்டு கண்கள். இமை இல்லாமல், நீலப் பாவையோடு, கீழே முழங்கால் போட்டிருப்பவர்களையே அவை பார்த்துக்கொண்டிருக்கும். நிறைமாத வயிற்றோடு அதற்கு நேர் கீழே உட்கார்ந்து பூசை கண்டவள் அற்புதம்மாள். அந்தப் பெயரைப் பிள்ளைக்கு வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

பிள்ளைக்குச் சளி, தனக்குக் காய்ச்சல் என்று ஏதேதோ சாக்குச் சொல்லி, எட்டாம் நாள் கொடுக்கவேண்டிய ஞானஸ்நானத்தை சனவரி இருபத்தொன்றுவரை இழுத்தாள். அன்று அக்னஸம்மாள் திருநாள். எதிர்ச்சுவர்ச் சன்னலில் அக்னஸம்மாள் ஒரு வெள்ளைச் செம்மறிக் குட்டியை மார்போடு அணைத்து நிற்பாள். அந்தப் பெயரே பிள்ளைக்கு விழுந்தது.

இதை மன்னிக்காத ஒரே ஆள் அற்புதம்மாளின் அக்கா ரோசம்மாள். "பேரை வேண்டாம்னு தள்ளிட்டே. அந்த அம்மா சும்மா இருப்பாங்களா?" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

அக்னஸுக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போது அற்புதம்மாளின் வலது கண் போயிற்று. தலையைப் பிளக்கிற வலி, வாந்தி, கண் சிவந்து வெளியே தள்ளியது. நாட்டு மருந்து விட்டார்கள், பத்துப் போட்டார்கள். வலி அடங்கியபோது பார்வையும் அடங்கிவிட்டது. இரண்டு வருஷம் கழித்து இடது கண்ணும் அப்படியே போயிற்று. அந்த வாரம் ரோசம்மாள் பெரியம்மா அக்னஸைத் தனியே கூப்பிட்டு, "உங்கம்மாகிட்ட ரெண்டையும் எடுத்துக்கிட்டாங்க. நீ ஜாக்கிரதையா இரு. உன்னையும் கேப்பாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அக்னஸ் அந்தச் சன்னலை நிமிர்ந்து பார்த்ததே இல்லை. சுவரோடு ஒட்டி, சன்னலுக்கு முதுகைக் காட்டினாற்போல உட்காருவாள். ஆனால் காலைப் பூசையில் வெயில் ஏற ஏறக் கண்ணாடியின் நிறமெல்லாம் தரையில் விழுந்து ஊர்ந்து வரும். பச்சை, சிவப்பு, அதற்கு நடுவே இரண்டு நீலப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் தன் மடியை நோக்கி வந்தால் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவாள். கல்யாணமாகிப் புடவைத் தலைப்பால் முக்காடு போட்டு உட்கார்ந்த காலத்திலும் அந்த நகர்தல் நிற்கவில்லை.

கணவர் ஸ்தனிஸ்லாஸ் பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். அதிகம் பேசாத மனிதர். ஒரே பெண் லூர்துராணி. அக்னஸ் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள், தெளிவான, அவசரப்படாத குரல். அந்தக் குரலுக்காகவே கன்டோன்மென்ட்டில் ஒரு பெரிய கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. போர்டு முன்னால் இரண்டு பேர் உட்காருவார்கள். ஒருத்தி அக்னஸ், இன்னொருத்தி ஹாஜிரா. போன் வந்தால் போர்டில் ஒரு சின்ன பல்பு எரியும். ஒயரை எடுத்து அந்தத் துளையில் சொருகி, யார் வேண்டுமென்று கேட்டு, அவர்களுடைய துளையில் இன்னொரு முனையைச் சொருகவேண்டும். பதினாறு வருஷம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததில் ஹாஜிராவுக்கு அக்னஸின் பெருமூச்சுகூட எதற்கென்று தெரியும்.

1976 அக்டோபர், ஜெபமாலை மாதம். ஒரு சாயங்காலம் கோயிலில் மழை இருட்டு. பீடத்தில் ஆறு மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். அக்னஸ் தலை நிமிர்ந்தபோது ஒவ்வொரு சுடரையும் சுற்றி ஒரு வட்டம் நின்றது. உள்ளே நீலம், நடுவில் பச்சை, ஓரத்தில் சிவப்பு. சன்னலில் புனிதர்களின் தலையைச் சுற்றி இருக்குமே, அதுபோல ஒரு வளையம். ஒரு நிமிஷம் உடம்பெல்லாம் புல்லரித்தது. தனக்கு ஏதோ அருள் கிடைத்திருக்கிறது என்று நினைத்துக் கையைக் கூப்பினாள்.

கோயிலை விட்டு வெளியே வந்தாள். முனைக்கடை பெட்ரோமாக்ஸைச் சுற்றியும் அதே வளையம் நின்றது. தெருவிளக்கு, எதிரே வந்த பஸ்ஸின் இரண்டு விளக்கு, எல்லாவற்றிலும் அதே நீலம், பச்சை, சிவப்பு. பஸ்ஸின் இரண்டு வளையங்களும் பக்கத்தில் வர வர, தட்டில் இருந்த கண்கள் எழுந்து தன்னைத் தேடி வருவதுபோல இருந்தது. அக்னஸ் சுவரோடு ஒண்டிக்கொண்டாள். வலது புருவத்துக்கு மேலே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல ஒரு வலி.

தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். பத்து நாள், பதினைந்து நாள் ஒன்றும் இருக்காது. அப்புறம் மறுபடியும் ஒரு சாயங்காலம், மறுபடியும் வளையம், மறுபடியும் அந்தக் கட்டைவிரல். ஸ்தனிஸ்லாஸ் கேட்டால் ஒற்றைத் தலைவலி என்பாள். அம்மாவுக்கும் முதலில் தலைவலிதான் வந்தது என்பதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுவார். ஆஸ்பத்திரியில் கண் போகிறது என்று சொல்லிவிட்டால்? வேலை போய்விடும். லூர்துராணி காலேஜுக்குப் போகவேண்டிய பெண். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. டாக்டர் வாயால் கேட்டுவிட்டால், லூசியம்மாள் கேட்டது உண்மை என்று ஆகிவிடும்.

மனம் தாங்காமல் ரோசம்மாள் பெரியம்மாவிடம் மட்டும் போய்ச் சொன்னாள். அப்போது பெரியம்மாவுக்கு எண்பது வயது. கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே கேட்டுவிட்டு, "வெள்ளியில கண்ணு வாங்கி அவங்க காலடியில வை. மனசு இரங்கினாலும் இரங்குவாங்க" என்றாள்.

சின்னக்கடைத் தெருவில் ஒரு நகைக்கடையில் வெள்ளிக் கண்கள் வாங்கினாள். தகட்டில் அடித்தவை, ஜோடி. கடைக்காரர் ஒரு சின்னத் தாளில் வைத்து நீட்டினார். அக்னஸ் அதை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். நாலு அடி நடந்திருப்பாள். தற்செயலாகக் குனிந்து பார்த்தாள். கை நீட்டியிருக்கிறது, கையில் இரண்டு கண்கள், இமை இல்லாமல். சன்னலில் இருக்கிற மாதிரியே தான் நின்றுகொண்டிருப்பது அப்போது உறைத்தது. கோயிலுக்குப் போகாமல் நேரே வீட்டுக்கு வந்து, அரிசி டின்னுக்குள் கையை முழங்கைவரை விட்டு அதைப் புதைத்தாள். அன்றிலிருந்து அரிசி எடுக்கும் வேலையை லூர்துராணியிடம் விட்டாள்; டின் அடிவரை காலியாகவிடாமல் மேலே மேலே புது அரிசி கொட்டவைத்தாள்.

ஒரு வருஷம் இப்படியே ஓடியது. போர்டில் தவறுகள் வர ஆரம்பித்தன. ஸ்டோர்ஸுக்குப் போகவேண்டிய போன் வாசல் கேட்டுக்குப் போகும். ஹாஜிரா பேசாமல் கையை நீட்டி ஒயரைப் பிடுங்கிச் சரியான இடத்தில் சொருகுவாள். "என்ன அக்னஸ், எங்க நெனப்பு?" என்பாள். அக்னஸ் சிரித்துச் சமாளிப்பாள். வலது கைப்பக்கம் எரிகிற பல்பு தனக்குத் தெரிவதே இல்லை என்று அவளுக்கு மெல்லத்தான் புரிந்தது.

1977 நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, மானேஜர் வீட்டிலிருந்து போன் வந்தது. மானேஜர் வீடு ஸ்ரீரங்கத்தில். அவர் மனைவி பதறிய குரலில், "ஸ்ரீரங்கத்துலேர்ந்து பேசறேன். அவரைச் சீக்கிரம் கூப்பிடுங்கோ. மாமியார் பூஜை உள்ளுல மயங்கி விழுந்துட்டா. பேச்சு மூச்சில்லாம கிடக்கா" என்றாள். "இதோ தரேங்க" என்று அக்னஸ் ஒயரைச் சொருகினாள். பக்கத்துத் துளையில் சொருகிவிட்டாள். அது ஆளில்லாத பழைய குடோன் லைன். அங்கே போன் அடித்துக்கொண்டே இருந்தது. கொடுத்துவிட்டோம் என்று அக்னஸ் அடுத்த போனுக்குப் போய்விட்டாள். பத்து நிமிஷம் கழித்து ஹாஜிரா அந்தப் பல்பைப் பார்த்து, "யா அல்லா, இது யாரு இன்னும் லைன்ல?" என்று ஒயரை மாற்றினாள்.

மானேஜர் ஓட்டமாகக் காரில் ஏறிப்போனார். கிழவி பிழைத்துக்கொண்டாள் என்று மத்தியானத்துக்குள் செய்தி வந்தது. யாரும் அக்னஸைத் திட்டவில்லை. லைன் கோளாறு என்று நினைத்தார்கள். ஆனால் ஒயர் தவறியது தன்னால்தான் என்று அவளுக்குத் தெரியும். தன் கண் போவது ஒன்று; தன் கண்ணால் இன்னொரு உயிர் போயிருந்தால்? சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் எழுந்து போனவள் திரும்பவில்லை.

ஹாஜிரா சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு டவுன் பஸ் பிடித்து வந்தாள். வீட்டில் பூட்டு. கோயில் கதவு திறந்திருந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவள் முதல் முறையாக அந்தக் கோயிலுக்குள் வந்தாள். அக்னஸ் தன் வழக்கமான இடத்தில், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஹாஜிரா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"சொல்லு. என்ன மறைக்கிற?"

அக்னஸ் எல்லாவற்றையும் சொன்னாள். பெயர் வைத்த கதை, அம்மாவின் கண், பெரியம்மா சொன்னது, விளக்கைச் சுற்றி வளையம், அரிசி டின். ஹாஜிரா சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எந்த அம்மா? காட்டு" என்றாள்.

அக்னஸ் மேலே பார்க்காமல் கையை மட்டும் தூக்கிக் காட்டினாள்.

ஹாஜிரா எழுந்து, நாலு அடி பின்னால் போய், அண்ணாந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "நீ சொன்ன மாதிரி இல்லையே அக்னஸ்" என்றாள். "தட்டுல ரெண்டு இருக்கு, சரி. மூஞ்சியிலயும் ரெண்டு இருக்கே."

"என்னது?"

"மூஞ்சியில கண்ணு இருக்குதுங்கிறேன். நல்லா பெரிய கண்ணு. நீ பார்த்ததே இல்லையா?"

பார்த்ததில்லை. சின்ன வயசில் பார்த்தபோதெல்லாம் பார்வை தட்டில் போய் ஒட்டிக்கொண்டது. அதற்கு மேலே ஏறவே இல்லை. அக்னஸ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஹாஜிராவின் தோளைப் பற்றிக்கொண்டு, நாற்பத்தோரு வயதில், அந்தச் சன்னலை நேருக்கு நேர் பார்த்தாள். பச்சை அங்கி. தட்டு. தட்டைத் தாண்டி மேலே, கொஞ்சம் தூக்கிய தாடை. அதற்கு மேலே பழுப்பு நிறத்தில் இரண்டு கண்கள். அவை அக்னஸைப் பார்க்கவில்லை, யாரையும் பார்க்கவில்லை, எங்கோ தூரத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தன.

"கேக்கிறவங்க மாதிரி தெரியலை எனக்கு. ஏதோ கொண்டுவந்து நீட்டுற மாதிரி இருக்கு" என்றாள் ஹாஜிரா.

அக்னஸுக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் இடது கண்ணைத் துடைத்தாள். துடைத்த அந்த நேரத்தில் லூசியம்மாளின் முகம் காணாமல் போயிற்று. முகம் மட்டுமில்லை, கை, தட்டு எல்லாம் போய், பச்சையும் சிவப்பும் கலந்த புகை மட்டும் நின்றது. முந்தானையை எடுத்தாள், முகம் வந்தது. மறுபடியும் இடது கண்ணைப் பொத்தினாள், புகை.

"ஹாஜிரா... எனக்கு வலது கண்ணு தெரியலை."

இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஹாஜிரா கையைப் பிடித்து இழுத்தாள். அக்னஸ் வரவில்லை. லூர்துராணிக்குப் பரீட்சை, வீட்டுக்காரரிடம் சொல்லவேண்டும், திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றாள். எல்லாம் சாக்கு; அம்மா ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட்ட மாதிரி தள்ளிப்போட்டாள். அந்த மூன்று நாளை நினைத்து அவள் பிற்பாடு எத்தனையோ முறை அழுதிருக்கிறாள்.

சனிக்கிழமை முழுக்கப் பேய்மழை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது உய்யக்கொண்டான் வாய்க்கால் கரை உடைந்து தண்ணீர் தெருவில் நின்றது. முதலில் கணுக்கால், அரை மணியில் முழங்கால், பிறகு அடுப்புமேடை. சேற்றுத் தண்ணீரில் செருப்பும் சட்டியும் பாம்பும் மிதந்து வந்தன. கட்டிலை மேசைமேல் ஏற்றி, லூர்துராணியை அதன்மேல் உட்காரவைத்துக்கொண்டிருந்தபோது அக்னஸ் "ஐயோ" என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கட்டைவிரல் அழுத்துகிற வலி இல்லை இது. ஆணி அடிக்கிற வலி. குடம் குடமாக வாந்தி. ஸ்தனிஸ்லாஸ் முகத்தைத் தூக்கிப் பார்த்தபோது வலது கண் ரத்தமாகச் சிவந்து, கருவிழி மூச்சை ஊதிய கண்ணாடி மாதிரி மங்கியிருந்தது. "அம்மாவுக்கு வந்தது, அம்மாவுக்கு வந்தது" என்று அக்னஸ் அரற்றினாள். மனைவிக்கு வந்தது தலைவலி அல்ல, கண் நோய் என்று அவர் அப்போதுதான் முதன்முதலாகக் கேள்விப்படுகிறார். ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. மனைவியைத் தோளில் தூக்கிப் போட்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்.

தெருமுனையில் வெள்ளைச்சாமி என்ற டிரைவரின் லாரி நின்றது. மண்ணச்சநல்லூர் மில்லிலிருந்து அரிசி மூட்டை ஏற்றிவந்தவன், தண்ணீரில் மாட்டிக்கொண்டு வண்டியைக் காவல் காத்துக்கொண்டிருந்தான். "இன்ஜின்ல தண்ணி ஏறிட்டா நடுவழியில நின்னுரும் அண்ணே" என்றான். அக்னஸ் மறுபடியும் வாந்தி எடுத்தாள். அவன் அதைப் பார்த்துவிட்டு, "ஏத்துங்க, போற வரைக்கும் போவோம்" என்றான். நனைந்த மூட்டைகளுக்கு மேலே மூன்று பேரும் ஏறிப் படுத்துக்கொண்டார்கள். லாரி படகு மாதிரி அலை எழுப்பிக்கொண்டு ஊர்ந்தது. கூரைமேல் நின்ற ஜனங்கள் கத்திக் கூப்பிட்டார்கள். அக்னஸுக்குக் குரல்கள் மட்டுமே கேட்டன. இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டிருந்தாள். திறந்தால் இரண்டும் போயிருக்கும் என்று பயம்.

கண் ஆஸ்பத்திரியிலும் வாசல்வரை தண்ணீர். இருந்த டாக்டரம்மா ஒருவர்தான். இமையை மூடவைத்து விரலால் அழுத்திப் பார்த்தார். "கோலிக்குண்டு மாதிரி கல்லா இருக்கு" என்று நர்ஸிடம் சொன்னார். சொட்டு மருந்து, ஊசி, கையில் டிரிப்ஸ். ராத்திரிக்குள் வலி குறைந்தது. செவ்வாய்க்கிழமை ஸ்தனிஸ்லாஸையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு டாக்டரம்மா பேசினார்.

"கண்ணுக்குள்ள எப்பவும் தண்ணி ஊறும்மா. அது வெளியே போக ஒரு வாய்க்கா உண்டு. உங்களுக்கு அந்த வாய்க்கா பிறப்பிலேயே குறுகல். அடைச்சிருச்சு. வெளியில உய்யக்கொண்டான் உடைஞ்சதைப் பார்த்தீங்கல்ல, அதுமாதிரி அழுத்தம் உள்ளேயே நரம்பை நசுக்கிருச்சு. விளக்கைச் சுத்தி வளையம் தெரிஞ்சப்பவே வந்திருக்கணும். வலது கண்ணுல இனி பெரிசா ஒண்ணும் எதிர்பார்க்காதீங்க. வலி வராம இருக்க ஒரு ஆபரேஷன் பண்ணிடறேன்." கொஞ்சம் நிறுத்தி, "இடது கண்ணுலயும் பண்ணணும்" என்றார்.

"இடது நல்லாத்தானேங்க தெரியுது?"

"இப்ப தெரியுது. அதுலயும் அதே வாய்க்காதான். ஓரத்துல ஊசிமுனை அளவு ஒரு வழி வெட்டிவிட்டா தப்பிச்சுக்கும்."

அக்னஸ் கட்டிலின் மறுகோடிக்கு நகர்ந்தாள். "மாட்டேன்" என்றாள். அந்தத் தட்டுக்கு ஒரு கண் போய்விட்டது. இப்போது இன்னொன்றையும் கேட்கிறார்கள். நல்ல கண்ணைக் கத்தியால் கீறுவதாம். ஸ்தனிஸ்லாஸ் கெஞ்சினார், லூர்துராணி அழுதாள். அவள் இரண்டு கையாலும் இடது கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள்.

பங்குச்சாமியார் கிளமென்ட் ஃபாதர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெள்ளத்தில் மாட்டியவர்களுக்கு ரொட்டி கொடுத்துக்கொண்டே அந்த வார்டுக்கும் வந்தார். அக்னஸ் அவரிடம் கேட்டாள்: "சாமி, லூசியம்மாள் மனுஷங்க கண்ணைக் கேப்பாங்களா?"

அவர் சேறும் ஈரமுமாக ஸ்டூலில் உட்கார்ந்தார். "கேட்டதா எந்தக் கதையிலயும் இல்லம்மா. அவங்ககிட்டேயிருந்துதான் பிடுங்கினாங்க. அவங்களே எடுத்துக் கொடுத்தாங்கன்னும் சிலர் சொல்வாங்க. எது நிஜம்னு எனக்குத் தெரியாது. ஆண்டவர் திரும்பப் பார்வை கொடுத்தார்னு கதை முடியும். படம் போட்டவன் ரெண்டையும் ஒரே சன்னல்ல காட்டியிருக்கான். போனது தட்டுல, கிடைச்சது முகத்துல. கையில குருத்தோலை இருக்கே, அது ஜெயிச்சவங்களுக்குக் கொடுக்கிறது."

"அவங்க பயந்தாங்களா சாமி?"

"அதை யாரும் எழுதி வைக்கலைம்மா" என்றார்.

அது அவளுக்குப் போதவில்லை. மறுநாள் டாக்டரம்மா மறுபடி வந்தார். வற்புறுத்தவில்லை. கேஸ் தாளைப் பூர்த்தி செய்கிறவர்போல, "வீட்டில வேற யாருக்காவது இப்படி வந்திருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"எங்கம்மாவுக்கு."

"எந்த வயசுல?"

"நாப்பத்திரண்டு, நாப்பத்து மூணு இருக்கும்."

"ரெண்டு கண்ணுமா? ரெண்டாவது எப்பப் போச்சு?"

"ரெண்டு வருஷம் கழிச்சு."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "அந்த ரெண்டு வருஷத்துல யாராவது அவங்க ரெண்டாவது கண்ணைப் பார்த்திருந்தா போதும்மா. அவங்க அப்பா அம்மாகிட்டேயிருந்து அவங்களுக்கு வந்தது, அவங்ககிட்டேயிருந்து உங்களுக்கு. உங்க பொண்ணையும் நாளைக்குக் கூட்டிட்டு வாங்க, பார்க்கணும்."

அந்த இரண்டு வருஷமும் அக்னஸுக்கு நினைவில் இருந்தது. அம்மா ஒரு கண்ணை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கியது, தினமும் லூசியம்மாள் காலடியில் முழங்கால் போட்டு அழுதது, யாருமே அவளை எங்கேயும் கூட்டிக்கொண்டு போகாதது. தன் பெயரால்தான் அம்மா குருடானாள் என்று முப்பது வருஷம் சுமந்த எண்ணம் ஒரு பக்கம் சரிந்தது. இன்னொரு பக்கம் லூர்துராணியை நினைத்துப் புதிதாக ஒரு பயம் எழுந்தது. "ஆபரேஷன் தாளைக் கொடுங்க" என்றாள். கையெழுத்துக் கோணல்மாணலாக விழுந்தது. "பயம் போயி கையெழுத்துப் போட்டேன்னு நினைக்காதே. பயத்தோடதான் போட்டேன்" என்று பிற்பாடு அவளே ஹாஜிராவிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆபரேஷன் மேசையில் முழு நினைவு இருந்தது. கண்ணுக்குப் பக்கத்தில் ஊசி போட்டார்கள். தலைக்கு மேலே விளக்கு. ஒரு நிழல் குனிந்தது. ஜெபம் சொல்ல நினைத்தாள். அருள் நிறைந்த மரியேகூட நாலு வார்த்தைக்கு மேல் வரவில்லை. வாயில் வந்தது போர்டு எண்கள்தான். "பதினேழு ஸ்டோர்ஸ், பதினெட்டு டைம் ஆபீஸ், பத்தொன்பது கேட்..." திரும்பத் திரும்ப அதையே முணுமுணுத்தாள். நர்ஸ் அவள் விரல்களை மேசை விளிம்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்துத் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

ஐந்து நாள் இரண்டு கண்ணிலும் கட்டு. அம்மா இருபது வருஷம் இருந்த இருட்டு இதுதானா என்று நினைத்துக்கொண்டே கிடந்தாள். யார் நடந்து வந்தாலும் திடுக்கிடுவாள். ஆறாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். இடது கண்ணைத் திறக்கச் சொன்னதற்கு மாட்டேன் என்று தலையாட்டினாள். டாக்டரம்மா காத்திருந்தார். கடைசியில் திறந்தாள். ஒரு வாரத் தாடியோடு ஸ்தனிஸ்லாஸ் எதிரே நின்றுகொண்டிருந்தார். தாடியில் நரை இருப்பதை அவள் அன்றைக்குத்தான் கவனித்தாள். வலது கண்ணில் கையை ஆட்டினால் நிழல் ஆடுவது தெரிந்தது, கடைசிவரை அவ்வளவுதான்.

வீடு சேறாகிக் கிடந்தது. அரிசி டின்னைக் கழுவும்போது லூர்துராணிக்கு அந்த வெள்ளிக் கண்கள் கிடைத்தன. "என்னம்மா இது?" என்றாள். அக்னஸ் அதை வாங்கி டிசம்பரில் கோயில் உண்டியலில் போட்டாள். ரோசம்மாள் பெரியம்மா சாகும்வரை தன் கட்சியை விடவில்லை. "ஒரு கண்ணை விட்டுக் கொடுத்திருக்காங்க, நல்ல மனசு" என்றாள்.

பொங்கல் கழித்து அக்னஸ் வேலைக்குத் திரும்பினாள். வலது பக்கத்து லைன்களை ஹாஜிரா எடுத்துக்கொண்டாள், சூப்பர்வைசர் கண்டுகொள்ளவில்லை. லூர்துராணிக்கும் அதே குறுகல் இருந்தது. வருஷா வருஷம் பரிசோதனைக்குக் கூட்டிப்போவாள்; பெண் வெளியே வரும்வரை வராந்தாவில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள். லூர்துராணிக்குக் கல்யாணமான மறுவருஷம், எந்த வலியும் வருமுன்பே, இரண்டு கண்ணிலும் அந்த ஊசிமுனை வழியை வெட்டிவிட்டார்கள். அன்று தன் ஆபரேஷனுக்குப் பயந்ததைவிட அதிகம் பயந்ததாக அக்னஸ் சொல்வாள்.

இப்படி வருஷா வருஷம் போய் வந்ததில் அந்த வராந்தாவே அவளுக்குப் பழகிவிட்டது. 1986-ல் ஒரு நாள், பச்சைமலையிலிருந்து வந்த வீரம்மாள் என்ற பெண் அங்கே தூணைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஊரில் நடந்த கண் கேம்ப்பில் பார்த்து அனுப்பியிருந்தார்கள். விளக்கைச் சுற்றி வளையம், தலைவலி, ஒரு கண் மங்கல். ஆபரேஷன் என்றதும் உள்ளே வரமாட்டேன் என்கிறாள். கூட வந்த தம்பி சலித்துப்போய் டீ குடிக்கப் போய்விட்டான். நர்ஸ், "ஒண்ணும் பண்ணாதும்மா, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும், பயப்படாத" என்று சொல்லிப் பார்த்தாள்.

அக்னஸ் எழுந்து போய்த் தூணுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"பயமா இருக்குமாக்கா?" என்று வீரம்மாள் கேட்டாள்.

"இருக்கும்" என்றாள் அக்னஸ். "எனக்கு ரொம்ப இருந்துச்சு. ஊசி போடுறப்ப உயிரே போயிட்டு வந்துச்சு."

வீரம்மாள் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "அப்புறம்?"

"இந்தக் கண்ணு தெரியாது. இது தெரியுது. உன் மூக்குத்தியில கல்லு ஒண்ணு விழுந்திருக்கு, பாரு."

வீரம்மாள் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு தூணை விட்டுவிட்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள். டாக்டர் கூப்பிடும்போது இரண்டு பேரும் எழுந்து போனார்கள். பேசி முடித்து, மறுநாள் காலையில் ஆபரேஷனுக்கு வரச்சொல்லி அனுப்பியபோது, ஊருக்குத் திரும்பவேண்டிய கடைசித் துறையூர் பஸ் போய்விட்டது. அன்றைக்கு வீரம்மாளும் அவள் தம்பியும் அக்னஸ் வீட்டில்தான் சாப்பிட்டார்கள்.